ஏழை நாடு பணக்கார நாட்டை எட்டிப்பிடிக்க எந்தத் துறை கைகொடுக்கிறது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பின்தங்கிய நாடுகள் வேகமாக வளர்ந்து, முன்னேறிய நாடுகளின் உழைப்பு உற்பத்தித்திறனை, அதாவது ஓர் ஆள் உண்டாக்கும் மதிப்பை, ஒருநாள் எட்டிவிடும் என்று பொருளியல் பாடம் சொல்கிறது. தென் கொரியா பெருமளவு நெருங்கிவிட்டது. மெக்சிகோவும் இந்தியாவும் ஏன் எட்டவில்லை? விவசாயம், தொழில், சேவை மூன்றுக்கும் இதில் என்ன பங்கு? ஐ.டி.யை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியா தாண்டிவிட முடியாதா?

நான் இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறவன். என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆலைத் தொழிலில் பின்தங்கியவன் முன்னேறியவனை நெருங்குவது பெருமளவுக்குத் தானாக நடக்கிறது. விவசாயத்திலும் பெரும்பாலான சேவைகளிலும் அப்படி நடப்பதில்லை. ஆனால் ஒரு நாட்டின் சராசரியைத் தீர்மானிப்பது, அந்த நாட்டு மக்கள் எந்தத் துறையில் நிற்கிறார்கள், நிலத்தை விட்டு வந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தில் இல்லை. பல்லடம் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒரு தறிக்குடோன் இருந்தது. பன்னிரண்டு சாதா விசைத்தறி. ஷிப்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஆறு தறி. குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமக்கும் நாடா இடமும் வலமுமாக நிமிடத்துக்கு 120, 130 தடவை ஓடும். நாடாவுக்குள் நூல் சுற்றியிருக்கும் தார் தீர்ந்ததும் தறியை நிறுத்தி, நாடாவை வெளியே எடுத்து, புதுத் தாரைப் பொருத்தி, மறுபடி ஓடவிட வேண்டும். அதற்குள் பக்கத்துத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்திருக்கும். முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினால் மூன்றாவது தறி நின்றுகொண்டிருக்கும். எட்டு மணி நேரமும் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோம்பல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அதே சாலையில் பிறகு ஒரு ஏர்ஜெட் யூனிட் வந்தது. அதில் நாடாவே கிடையாது. ஊடை நூலைக் காற்றே ஊதித் தள்ளுகிறது, நிமிடத்துக்கு 700 தடவைக்குக் குறையாமல். ஓர் ஆள் எட்டுத் தறி பார்க்கிறார். கணக்கைப் போட்டுப் பாருங்கள். குடோனில் ஓர் ஆளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 750 ஊடை, ஏர்ஜெட்டில் 5,600. ஏழு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் ஏர்ஜெட் ஓட்டுகிறவர் குடோன்காரரைவிட அதிகம் ஓடியாடவில்லை. அந்தத் தறி ஜப்பானிலோ பெல்ஜியத்திலோ செய்யப்பட்டது. அதே தறி துருக்கியிலும் வியட்நாமிலும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. பெல்ஜியத்துக்காரர்கள் முப்பது, நாற்பது வருடத்தில் கண்டுபிடித்துச் சேர்த்த அறிவு முழுவதும் ஒரு கன்டெய்னரில் வந்து இறங்கி, ஒரு வாரத்தில் பொருத்தப்பட்டுவிடுகிறது. பின்தங்கியிருப்பதில் இருக்கும் ஒரே லாபம் இதுதான். முன்னால் போனவன் பட்ட செலவை நாம் படவேண்டியதில்லை.

இதை உலக அளவில் அளந்து காட்டியவர் பொருளியலாளர் டானி ரோட்ரிக். 2013-இல் வந்த அவருடைய ஆய்வு 118 நாடுகளின் ஆலைத் தொழில் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டது. எந்த நாடு, எப்படிப்பட்ட அரசு, படிப்பறிவு எவ்வளவு என்று எதையும் கழித்துப் பார்க்காமலே, பின்தங்கிய நாடுகளின் ஆலைகள் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீத வேகத்தில் இடைவெளியைக் குறைத்துவந்தன. நாடுகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இப்படி எதுவும் நடக்கவில்லை. பணக்கார நாடுகள் விலகிப் போய்க்கொண்டேதான் இருந்தன. ஒரே நாட்டுக்குள் ஆலை நெருங்குகிறது, நாடு நெருங்கவில்லை. உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இயந்திரத்தை வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 1910 வாக்கில் பம்பாய், ஒசாகா, ஷாங்காய் எங்கும் பஞ்சாலைகள் இருந்தன. பெரும்பாலான இயந்திரங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. அப்போதைய நிலையைக் கணக்கிட்ட பொருளாதார வரலாற்றாளர் கிரெகரி கிளார்க் கண்டது இது: அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைத் தொழிலாளி ஒருவர் பார்த்த வேலைக்கு பிரிட்டனில் ஒன்றரைப் பேர், ஜெர்மனியில் 2.3 பேர், இந்தியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஆறு பேர் தேவைப்பட்டார்கள். இயந்திரம் ஒன்று, அதன் முன் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை வேறு.

ஏன் என்பதைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்ததுதான். பம்பாயும் ஜப்பானும் அன்று ஏறக்குறைய ஒரே படியில் நின்றன. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஜப்பான் ஆலைகள் ஆளுக்கு இத்தனை நூற்புக் கதிர், இத்தனை தறி என்பதைக் கூட்டிக்கொண்டே போயின. 1924-இல் சகிச்சி டொயோடா தானியங்கித் தறியை முழுமைப்படுத்தினார். நூல் அறுந்தால் தானே நிற்கும், நாடாவை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளும் தறி. 1929-இல் அதன் உரிமத்தை விலைகொடுத்து வாங்கியது யார் தெரியுமா? ஜப்பானுக்கே ஒரு காலத்தில் இயந்திரம் விற்ற இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம். பம்பாயில் ஆளுக்கு உள்ள உற்பத்தி அந்தக் காலம் முழுவதும் பெரிதாக நகரவில்லை. எனவே ஆலைத் தொழிலில் எட்டிப்பிடிப்பது சுலபம் என்று நான் சொன்னால், மற்ற துறைகளோடு ஒப்பிடும்போது சுலபம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருடம் கழித்தும் அந்த இடைவெளி தீர்ந்துவிடவில்லை. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் பொருளியலாளர்கள் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. சில ஆலைகளுக்கு மட்டும் நிர்வாக ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். புது இயந்திரம் எதுவும் வாங்கித் தரவில்லை. கிடங்கில் எந்த நூல் எங்கே இருக்கிறது என்று எழுதிவைப்பது, எந்தத் தறி எதனால் நின்றது என்று தினமும் குறிப்பது, பழுதாகும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே பராமரிப்பது போன்றவைதான் மாற்றம். முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. பெரியப்பாவின் குடோனில் நூல் மூட்டைகள் குவிந்து கிடந்த மூலையை நினைத்துக்கொள்கிறேன். எந்த நம்பர் நூல் எவ்வளவு இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஊரில் இல்லாத நாளில் பாவு மாற்றுவது தள்ளிப்போகும்.

ஆலைக்கு உள்ள சாதகம் இயந்திரம் மட்டுமில்லை. சந்தையும் சேர்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் துணி வங்கதேசத்துத் துணியோடும் சீனத் துணியோடும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்படும். தரம் குறைந்தால் ஆர்டர் போய்விடும். இந்த நெருக்குதல் ஒரு முடிதிருத்தும் கடைக்கோ வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ கிடையாது. அவர்களுடைய போட்டியாளர் அதே தெருவில் இருப்பவர்தான்.

விவசாயத்துக்கு வருவோம். இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது இங்கேதான். 1985-ஆம் ஆண்டை வைத்துப் போட்ட ஒரு பிரபலமான கணக்கில், மிகப் பணக்கார நாடுகளின் விவசாய உழைப்பாளி, மிக ஏழை நாடுகளின் விவசாய உழைப்பாளியைப்போல் எழுபது மடங்குக்கும் மேல் விளைவிக்கிறார். விவசாயம் தவிர்த்த வேலைகளில் அதே வித்தியாசம் ஐந்து மடங்குதான். டிராக்டரையும் கன்டெய்னரில் இறக்கலாமே என்று கேட்கலாம். இறக்கலாம், ஓட்ட இடம் வேண்டுமே! இந்தியாவில் சராசரி நில உடைமை 2015-16 கணக்கெடுப்பின்படி 1.08 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கருக்கும் குறைவு. அமெரிக்கப் பண்ணையின் சராசரி 450 ஏக்கரைத் தாண்டும். அங்கே வேலை செய்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட விவசாயத்தில் இல்லை. விதையும் மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி ஊருக்கு ஊர் மாற்றப்பட வேண்டிய ஒன்று. ஏர்ஜெட் தறிபோல அது எங்கும் ஒரே மாதிரி ஓடாது. ஆகவே விவசாயத்தில் ஆளுக்கு உள்ள உற்பத்தி கூட வேண்டுமென்றால், நிலத்தில் ஆட்கள் குறைய வேண்டும். குறைகிறவர்கள் போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும்.

இதைத்தான் செயின்ட் லூசியா தீவில் பிறந்த பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954-இல் எழுதினார். நிலத்தில் தேவைக்கு மேல் குவிந்திருக்கும் உழைப்பு நவீனத் துறைக்கு நகர நகரத்தான் ஏழை நாடு வளர்கிறது என்றார். 1979-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பின்னால் வந்த ஆய்வுகள் உழைக்கும் மணி நேரத்தையும் படிப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தும், விவசாயத்துக்கு வெளியே ஒருவர் ஈட்டும் மதிப்பு உள்ளே இருப்பதைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருக்கிறது என்றே கண்டன. இடம் மாறுவதே ஒரு லாபம்.

தென் கொரியா அந்த லாபத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. 1963-இல் அங்கே வேலை செய்தவர்களில் 63 சதவீதம் பேர் விவசாயம், வனம், மீன்பிடிப்பில் இருந்தார்கள். இன்று ஐந்து சதவீதம் அளவுதான். ஜவுளியில் தொடங்கி, போஹாங் எஃகு ஆலை 1973-இல் உற்பத்தி தொடங்கி, கப்பல், கார், மின்னணு என்று போனபோது, நிலத்தை விட்டு வந்தவர்களுக்கு ஆலை வாசல் திறந்திருந்தது. ஒவ்வொரு ஆலைக்குள்ளும் உற்பத்தித்திறன் ஏறியது. ஏறுகிற அந்த இடத்துக்கே மக்களும் வந்து சேர்ந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. வியட்நாமில் இப்போது கண்முன் நடப்பதும் இதே வகைதான். 2000-இல் மூன்றில் இரண்டு பங்கினர் விவசாயத்தில் இருந்தார்கள். இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால்? பெரியப்பாவின் குடோனுக்கே திரும்புகிறேன். ஏர்ஜெட் துணியின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார். இரண்டு ஷிப்டுமாக நான்கு பேர் வேலை இழந்தார்கள். ஒருவர் ஏர்ஜெட் யூனிட்டில் சேர்ந்துகொண்டார். ஒருவர் திண்டுக்கல் பக்கம் சொந்த ஊருக்குப் போய் ஆடு வளர்த்தார். ஒருவர் இரவு வாட்ச்மேன். நான்காவது ஆள் மனைவியோடு இட்லிக் கடை போட்டார். அந்தத் தெருவில் ஏற்கெனவே மூன்று இட்லிக் கடை இருந்தது. புள்ளிவிவரத்தில் இதைப் பாருங்கள். நெசவுத் தொழிலின் உற்பத்தித்திறன் பிரமாதமாக உயர்ந்திருக்கும். அந்த நான்கு பேரின் சராசரியோ அநேகமாக இறங்கியிருக்கும்.

ஒரு கண்டம் முழுவதற்கும் இது நடந்திருக்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் 1990-களில் இறக்குமதி வரியைக் குறைத்தன. ஆலைகள் போட்டிக்கு ஈடுகொடுக்க ஆட்களைக் குறைத்து, திறனைக் கூட்டின. வெளியேறியவர்கள் தெருவோரக் கடைக்கும் சில்லறை வேலைக்கும் போனார்கள். பொருளியலாளர் மெக்மிலனும் ரோட்ரிக்கும் 1990 முதல் 2005 வரை கணக்குப் பார்த்தபோது, ஆசியாவில் இடம் மாறுதல் வளர்ச்சியைக் கூட்டியிருந்தது. லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அது வளர்ச்சியைக் குறைத்திருந்தது. மெக்சிகோவைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். 1999 முதல் 2009 வரை அங்கே 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நவீன நிறுவனங்களில் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 5.8 சதவீதம் ஏறியது. பத்துப் பேருக்கும் குறைவான பழையபாணிச் சிறு தொழில்களில் ஆண்டுக்கு 6.5 சதவீதம் இறங்கியது. மொத்தத்தில் நாடு நகரவில்லை.

ரோட்ரிக்கின் 2013 முடிவையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். அவர் எடுத்த புள்ளிவிவரம் பெரும்பாலும் பதிவுபெற்ற ஆலைகளுடையது. குடிசைத் தொழிலையும் பதிவில்லாத பட்டறைகளையும் சேர்த்து அளந்த பிந்தைய ஆய்வுகளில், அந்தத் தானாக நெருங்கும் போக்கு தென்படவில்லை. நெருங்குவது ஏர்ஜெட் யூனிட், குடோன் நெருங்குவதில்லை. எத்தியோப்பியா, தான்சானியா ஆலைகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது இன்னும் கவலைக்குரியது. இன்றைய இயந்திரங்கள் ஆள் பற்றாக்குறை உள்ள நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை வாங்கும் ஏழை நாட்டு ஆலை உற்பத்தித்திறனைக் கூட்டிக்கொள்கிறது, ஆனால் அதிகம் பேரை வேலைக்கு எடுப்பதில்லை. கொரியாவுக்குக் கிடைத்த அகலமான வாசல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சேவைத் துறையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆலைதான் எல்லாம் என்று நினைப்பவர்களை இது தடுமாறவைக்கும். பிரிட்டனை அமெரிக்கா முந்தியது ஆலைகளால்தான் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பொருளாதார வரலாற்றாளர் ஸ்டீபன் பிராட்பெரி 1870 முதல் 1990 வரை துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். அமெரிக்க ஆலைத் தொழிலாளியின் உற்பத்தி 1870-லேயே பிரிட்டிஷ்காரரைப்போல் சுமார் இரண்டு மடங்கு. 1990-இலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். 120 வருடத்தின் முடிவிலும் ஆலையில் அந்த விகிதம் பெரிதாக மாறியிருக்கவில்லை! மாறியது வேறு இரண்டு. 1870-இல் அமெரிக்கர்களில் பாதிப் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், பிரிட்டனில் நாலில் ஒருவருக்கும் குறைவு. அமெரிக்கர்கள் நிலத்தை விட்டு வெளியேறினார்கள், கூடவே அவர்களுடைய வணிகமும் போக்குவரத்தும் நிதிச் சேவையும் திறன் கூடின. ஜெர்மனி பிரிட்டனை முந்தியதும் இதே வழியில்தான்.

பணக்கார நாடுகளுக்கு இடையே மட்டும் ஒப்பிட்ட பொருளியலாளர்கள் பெர்னார்டும் ஜோன்ஸும் 1996-இல் கண்டதும் இதையொட்டியே வருகிறது. 14 நாடுகளில், 1970 முதல் 1987 வரை, ஆலைத் தொழிலில் நெருக்கம் பெரிதாக இல்லை, சேவைகளில் இருந்தது. ரோட்ரிக்கின் முடிவுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். நான் இதை முரண்பாடாகப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் இடைவெளி குறைகிறது. மேலே போன பிறகு ஜெர்மனி இயந்திரம் செய்கிறது, இத்தாலி தோல் பொருள் செய்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளுக்குப் போய்விடுவதால் ஆலையும் ஆலையும் நெருங்கவேண்டிய அவசியமில்லாமல் போகிறது. பெர்னார்டும் ஜோன்ஸும் துறைவாரியான விலை ஒப்பீடு இல்லாமல் அளந்தார்கள், அடிப்படை ஆண்டை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்ற விமர்சனமும் உண்டு. அதுவும் நியாயமானதே. சேவையை அளப்பது எப்போதுமே சிக்கல். ஓர் ஆசிரியரின் உற்பத்தியைப் பல நாடுகள் அவருடைய சம்பளத்தை வைத்தே கணக்கிடுகின்றன.

சேவை பின்தங்கினால் என்ன ஆகும் என்பதையும் கொரியாவே காட்டுகிறது. உலகின் முதல்தர ஆலைகள் கொண்ட அந்த நாட்டில், சேவைத் துறையின் உற்பத்தித்திறன் ஆலைத் தொழிலில் பாதிகூட இல்லை. ஐம்பது வயதை ஒட்டி நிறுவனத்தை விட்டு வெளியே வருபவர்கள் ஓய்வுப் பணத்தைப் போட்டு வறுத்த கோழிக் கடை திறக்கிறார்கள். தெருவுக்கு நாலு கடை. வேலை செய்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சுயதொழில்காரர். அந்தக் கோழிக் கடையும் பல்லடத்து இட்லிக் கடையும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஜப்பானிலும் இதே கதை: கார் ஆலை உலகுக்குப் பாடம் நடத்தியது, கடைகளும் அலுவலகங்களும் அதைக் கற்கவில்லை. ஐரோப்பா 1995 வாக்கில் மணிக்கு உள்ள உற்பத்தியில் அமெரிக்காவை ஏறக்குறைய எட்டியிருந்தது. பிறகு மீண்டும் பின்வாங்கியது. மொத்த, சில்லறை வணிகத்திலும் நிதியிலும் அமெரிக்கா கணினியைப் பயன்படுத்திய அளவுக்கு ஐரோப்பா பயன்படுத்தாததே முக்கியக் காரணம்.

29 நாடுகளை 1956 முதல் 2004 வரை தொடர்ந்து பார்த்த பொருளியலாளர்கள் துவார்த்தே, ரெஸ்துச்சியா இருவரின் ஆய்வும் இதே வரிசையைத்தான் காட்டுகிறது. நாடுகள் எட்டிப்பிடித்ததில் பாதியளவு தொழில்துறையால் வந்தது. பிறகு அவை தேங்கியதும் சறுக்கியதும் சேவைத் துறையால்.

இப்போது இந்தியா. 2018-19-இல் வேலை செய்பவர்களில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2023-24-இல் 46.1 சதவீதம். இடையில் கொரோனாவில் பலர் ஊர் திரும்பினார்கள். நூற்றில் இந்த 46 பேர் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கை உண்டாக்குகிறார்கள். மீதி 54 பேர் 82 பங்கை. ஆளுக்கு என்று பார்த்தால் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். பதிவுபெற்ற ஆலைகளில் இருப்பவர்கள் சுமார் இரண்டு கோடிதான். மொத்தம் வேலை செய்பவர்கள் 50 கோடிக்கும் மேல். அந்த இரண்டு கோடிக்குள் எவ்வளவு வேகமாக உலகத்தை நெருங்கினாலும், சராசரியில் அது தெரியாது.

ஐ.டி. போதாதா என்று கேட்டிருந்தீர்கள். ஐ.டி. என்பது சேவை என்ற பெயரில் இருக்கும் ஏற்றுமதி ஆலை. உலகச் சந்தை, உலகத் தரம், இறக்குமதியாகும் தொழில்நுட்பம் எல்லாம் அதற்கும் உண்டு; அதனால்தான் அது நெருங்குகிறது. ஆனால் அதில் வேலை செய்பவர்கள் 50 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுவார்கள். நூற்றில் ஒருவர். அந்த வாசலில் நுழையப் பட்டப்படிப்பும் ஆங்கிலமும் வேண்டும். பெரியப்பா குடோனில் இருந்த நான்கு பேரில் பத்தாம் வகுப்பு தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. ஏர்ஜெட் யூனிட்டில் சேர்ந்தவருக்கு மூன்று மாதப் பயிற்சி போதுமானதாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் நிற்க இன்னும் மூன்று பேரை அந்த யூனிட் எடுத்திருந்தால் ஆட்டுக்காரரும் வாட்ச்மேனும் இட்லிக் கடைக்காரரும் அங்கேதான் இருந்திருப்பார்கள். யூனிட் எடுக்கவில்லை. எட்டுத் தறிக்கு ஓர் ஆளே போதும்.